வீட்டு நெட்ல லோக்கல் ஐபி எது, பப்ளிக் ஐபி எது: மூணு நம்பர வச்சு முழுசா புரிஞ்சுக்கலாம்

அம்மா தனியா இருக்கற வீட்டுல ஒரு கேமரா மாட்டியிருந்தேன், கம்பெனி க்ளவுட் எதுவும் இல்லாம நேரா கனெக்ட் பண்ற வகை. வீட்டு வைஃபைல இருக்கும்போது போன்ல படம் பளிச்சுனு வருது, வாசலத் தாண்டி மொபைல் டேட்டாவுக்கு மாறினா வட்டம் சுத்திக்கிட்டே இருக்கு. போர்ட் ஃபார்வர்டிங் (வெளில இருந்து வர்றத ரவுட்டர் உள்ள இருக்கற டிவைஸுக்கு தள்ளி விடற செட்டிங்) போட்டேன், எடுத்துட்டு திரும்ப போட்டேன், கேமராவ ரீசெட் பண்ணேன், ரவுட்டரையும் ரீசெட் பண்ணேன், ரெண்டு முழு நாள் போச்சு. மூணாவது நாள் காலைல ரவுட்டரோட ஸ்டேட்டஸ் பக்கத்துல வான் ஐபினு (WAN IP, ரவுட்டரோட வெளிப்பக்க நம்பர்) ஒரு வரி கண்ணுல பட்டுச்சு, அது 100.72னு ஆரம்பிக்குது. அதே நேரத்துல கூகுள்ல என் ஐபி என்னனு தேடினா அது சம்பந்தமே இல்லாத வேற நம்பர காட்டுது. அந்த ரெண்டு நம்பரும் ஒண்ணா இல்லாத வரைக்கும் நான் ரவுட்டர்ல என்ன மாத்தினாலும் கேமரா வெளில தெரியப் போறதில்ல, அத மட்டும் முதல் நாளே பாத்திருந்தா மீதி வேலை எதுவுமே தேவைப்பட்டிருக்காது.

அதனாலதான் இத இவ்ளோ விரிவா எழுதறேன். ஐபி முகவரிங்கறது நெட்வொர்க்ல ஒரு டிவைஸ அடையாளம் காட்டற நம்பர், ஒவ்வொண்ணும் ஒரு எல்லை வரைக்கும்தான் செல்லும், உங்க கைல இருக்கற நம்பர் எந்த எல்லை வரைக்கும் செல்லும்னு தெரிஞ்சுட்டா பிரிண்டர் காணாம போறதுல இருந்து கேம்ல நண்பர் ஜாயின் பண்ண முடியாதது வரைக்கும் பாதிக்கு மேல குழப்பம் தீந்துடும். அதுக்கு மூணு நம்பர் வேணும்: உங்க போன் இல்ல லேப்டாப்போட நம்பர், ரவுட்டரோட வெளிப்பக்க நம்பர், வெளியுலகம் உங்கள பாக்கற நம்பர். ஒரு பேப்பர் பேனா எடுத்து வச்சுக்கோங்க, நிஜமாவே எழுதணும், மனசுல வச்சுக்கலாம்னு விட்டா நடுவுல குழம்பிடும்.

எதுக்கு ரெண்டு வகை முகவரி

நாம இன்னிக்கும் பயன்படுத்தற ஐபிவி4 முறை 1981ல எழுதி வச்ச விதிப்படிதான் ஓடுது. அதுல ஒரு முகவரிங்கறது 32 பிட், அதாவது புள்ளி வச்சு பிரிச்ச நாலு எண், ஒவ்வொண்ணும் 0ல இருந்து 255 வரைக்கும். மொத்தமா கூட்டினா 429 கோடி சொச்சம் முகவரி வரும். அன்னிக்கு கம்ப்யூட்டர் இருந்த இடத்த விரல் விட்டு எண்ணிடலாம், அதனால அது ஏராளம். இன்னிக்கு ஒரு வீட்டுலயே நாலு போன், ரெண்டு லேப்டாப், டிவி, கேமரா, பிரிண்டர்னு பத்து டிவைஸ் இருக்கு, எல்லாத்துக்கும் உலகத்துல வேற யாருக்கும் இல்லாத முகவரி குடுக்கணும்னா எங்க போறது. 2011 பிப்ரவரி 3ஆம் தேதி உலக அளவுல முகவரிகள பிரிச்சு குடுக்கற ஐயானா அமைப்பு கைல இருந்த கடைசி தொகுதிகளயும் குடுத்து முடிச்சாச்சு.

இந்த தட்டுப்பாடு வரும்னு 90கள்லயே தெரிஞ்சதால ரெண்டு ஏற்பாடு பண்ணாங்க. ஒண்ணு, 1994ல எழுதப்பட்ட நாட், அதாவது ஒரே வெளி முகவரிய உள்ள இருக்கற பல டிவைஸ் பங்கு போட்டுக்கற முறை. இன்னொண்ணு, 1996ல மூணு எண் வரிசைய எடுத்து இது யாருக்கும் சொந்தமில்ல, யார் வேணும்னாலும் அவங்கவங்க வீட்டுக்குள்ள ஆஃபீஸுக்குள்ள வச்சுக்கலாம், ஆனா இன்டர்நெட்ல இத எந்த ரவுட்டரும் அனுப்பக் கூடாதுனு ஒதுக்கி வச்சாங்க. அந்த மூணு வரிசை இதுதான்:

- 10.0.0.0 முதல் 10.255.255.255 வரை, சுமார் 1 கோடியே 67 லட்சம் முகவரி
- 172.16.0.0 முதல் 172.31.255.255 வரை, சுமார் 10 லட்சத்து 48 ஆயிரம்
- 192.168.0.0 முதல் 192.168.255.255 வரை, 65,536

இதுல எது வந்தாலும் அது லோக்கல் ஐபி, பிரைவேட் ஐபினும் சொல்வாங்க. நடுவுல இருக்கறத மட்டும் கவனமா பாருங்க, 172ல ஆரம்பிச்சா எல்லாமே பிரைவேட்னு நிறைய பேர் நினைக்கறாங்க, ரெண்டாவது எண் 16ல இருந்து 31க்குள்ள இருந்தா மட்டும்தான். தெருவுக்கு தெரு ஒரு நாலாம் நம்பர் வீடு இருக்கத்தானே செய்யும், அது மாதிரி 192.168.1.5ங்கற முகவரி இப்ப இந்த நிமிஷம் லட்சக்கணக்கான வீட்டுல இருக்கு, ஒண்ணுக்கு ஒண்ணு மோதாது, ஏன்னா அது அந்தந்த வீட்டு ரவுட்டரத் தாண்டி செல்லாது.

ரவுட்டருக்கு மட்டும் ரெண்டு பக்கமும் முகவரி உண்டு. உள்பக்கம், அதாவது லேன் பக்கம், பெரும்பாலும் 192.168.1.1 இல்ல 192.168.0.1. வெளிப்பக்கம், அதாவது வான் பக்கம், உங்க நெட் கம்பெனி குடுத்த முகவரி. எல்லா கதையும் இந்த வெளிப்பக்க முகவரிலதான் இருக்கு.

முதல் நம்பர்: உங்க டிவைஸோட லோக்கல் ஐபி

விண்டோஸ்ல ஸ்டார்ட் மெனுல சிஎம்டினு (cmd) அடிச்சு கமாண்ட் ப்ராம்ப்ட் திறந்து ஐபிகான்ஃபிக்னு (ipconfig) இங்கிலீஷ்ல இடைவெளி இல்லாம டைப் பண்ணி என்டர் தட்டுங்க. நிறைய வரி ஓடும், பயப்பட வேணாம், அதுல கனெக்ட் ஆகியிருக்கற வைஃபை இல்ல ஈதர்நெட் பகுதிய மட்டும் பாருங்க, மீடியா டிஸ்கனெக்டட்னு போட்டிருக்கறத எல்லாம் விட்டுடுங்க. ஐபிவி4 அட்ரஸ்னு இருக்கறதுதான் உங்க நம்பர், உதாரணமா 192.168.1.23. அதுக்குக் கீழ சப்நெட் மாஸ்க் 255.255.255.0னு இருக்கும், முதல் மூணு எண் ஒரே மாதிரி இருக்கறவங்க எல்லாம் ஒரே வீட்டுக்காரங்கனு அர்த்தம். அதுக்கும் கீழ டீஃபால்ட் கேட்வே, அதுதான் ரவுட்டரோட உள்பக்க முகவரி, அதையும் எழுதிக்கோங்க அடுத்த படிக்கு வேணும்.

ஆண்ட்ராய்டு போன்ல செட்டிங்ஸ் போயி வைஃபைல கனெக்ட் ஆகியிருக்கற பேருக்கு பக்கத்துல இருக்கற பல்சக்கரத்த தொட்டா கீழ ஐபி அட்ரஸ் இருக்கும், போனுக்கு போன் இடம் கொஞ்சம் மாறும். ஐஃபோன்ல அதே மாதிரி வைஃபை பேருக்கு பக்கத்துல வட்டத்துக்குள்ள இருக்கற ஐ குறி. மேக்ல சிஸ்டம் செட்டிங்ஸ்ல வைஃபை, அங்க டீடெய்ல்ஸ். லினக்ஸ் ஆளுங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல.

இங்க ரெண்டு விதிவிலக்கு. நம்பர் 169.254னு ஆரம்பிச்சா உங்க டிவைஸுக்கு ரவுட்டர்கிட்ட இருந்து முகவரியே கிடைக்கல, அதுவா ஒண்ண போட்டுக்கிட்டு உக்காந்திருக்குனு அர்த்தம், நெட் வேலை செய்யாது, வைஃபைய ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க, இல்லேன்னா ரவுட்டர ரீஸ்டார்ட் பண்ணுங்க. 127.0.0.1னு எங்கயாவது பாத்தா அது அந்த டிவைஸ் தன்னையே கூப்பிட்டுக்கற முகவரி, அத எழுதிக்க வேணாம்.

விண்டோஸ்ல ஒவ்வொரு வைஃபைக்கும் பப்ளிக் நெட்வொர்க்கா பிரைவேட் நெட்வொர்க்கானு ஒரு செட்டிங் இருக்குமே, அதுக்கும் பப்ளிக் ஐபிக்கும் எந்த சம்பந்தமும் இல்ல. அது இந்த நெட்வொர்க்ல இருக்கற மத்தவங்கள நம்பலாமா வேணாமானு விண்டோஸோட ஃபயர்வாலுக்கு (வெளில இருந்து வர்றத தடுக்கற காவல்) சொல்றது, அவ்ளோதான். பப்ளிக்னு போட்டா பப்ளிக் ஐபி கிடைக்கும்னு நம்பி மாத்தினவங்கள பாத்திருக்கேன், பேர் ஒண்ணா இருக்கறதால வர்ற குழப்பம் இது.

ரெண்டாவது நம்பர்: ரவுட்டரோட வான் ஐபி

ப்ரவுசர் திறந்து அட்ரஸ் பார்ல இப்ப எழுதி வச்ச டீஃபால்ட் கேட்வே நம்பர அப்படியே அடிங்க. ரவுட்டர் லாகின் கேக்கும், பாஸ்வேர்ட் பெரும்பாலும் ரவுட்டருக்கு அடில ஒட்டியிருக்கற ஸ்டிக்கர்லயே இருக்கும், வைஃபை பாஸ்வேர்டும் இதுவும் வேற வேற. உள்ள போனதும் ஸ்டேட்டஸ், வான், இன்டர்நெட், இந்த மூணுல ஏதாவது ஒரு பேர்ல ஒரு பக்கம் இருக்கும், அதுல ஐபி அட்ரஸ்னு ஒரு வரி. அங்க லேன் ஐபினு இன்னொரு வரியும் இருக்கும், அது உள்பக்கம், மாத்தி எழுதிடாதீங்க. அங்க போயிட்டீங்கனா எதையும் மாத்தாம பாத்துட்டு மட்டும் வாங்க. ஒருவேளை அட்மின் பாஸ்வேர்ட் இன்னும் அட்மின்னே இருந்துச்சுனா அத மட்டும் இப்பவே மாத்திடுங்க, தள்ளிப் போடாதீங்க.

மூணாவது நம்பர்: வெளியுலகம் பாக்கற ஐபி

அதே வைஃபைல இருந்துக்கிட்டு கூகுள்ல வாட் இஸ் மை ஐபினு தேடுங்க, நம்பர காட்டற சைட் நிறைய வரும். தேடறதுக்கு முன்னாடி விபிஎன் (உங்க ட்ராஃபிக்க பூட்டி வேற ஒரு இடம் வழியா அனுப்பற வசதி) ஆன்ல இருந்தா ஆஃப் பண்ணுங்க, போன்ல பாக்கறீங்கன்னா மொபைல் டேட்டாவ ஆஃப் பண்ணுங்க, ஐஃபோன்ல ஐக்ளவுட் பிரைவேட் ரிலே இருந்தா அதையும். இதுல ஒண்ணு ஆன்ல இருந்தாலும் நீங்க பாக்கறது வேற யாரோட முகவரியோ, உங்களோடது இல்ல. சில சைட்ல புள்ளி வச்ச நம்பருக்கு பதிலா எழுத்தும் எண்ணும் கலந்து கோலன் போட்டு நீளமா ஒண்ணு வரும், அது ஐபிவி6, அதப் பத்தி கடைசில சொல்றேன், இப்போதைக்கு ஐபிவி4னு தனியா காட்டற சைட்டா பாத்து நம்பர எழுதிக்கோங்க.

இப்ப மூணையும் பக்கத்துல பக்கத்துல வச்சு பாருங்க

முதல் நம்பர் கிட்டத்தட்ட எல்லா வீட்டுலயும் 192.168 இல்ல 10னுதான் இருக்கும், அதுல சேதி ஒண்ணும் இல்ல. ரெண்டாவதும் மூணாவதும்தான் விஷயம்.

ரெண்டும் அச்சு பிசகாம ஒண்ணா இருந்தா உங்க ரவுட்டர்கிட்ட நிஜமான பப்ளிக் ஐபி இருக்கு. வெளில இருந்து யார் அந்த நம்பர தட்டினாலும் உங்க ரவுட்டர் வாசலுக்கு வந்து நிப்பாங்க. கேமரா, கேம் சர்வர், வீட்டு விபிஎன் எல்லாத்துக்கும் வழி உண்டு.

ரெண்டாவது நம்பர் 100.64ல இருந்து 100.127க்குள்ள இருந்தா அது சிஜிநாட், எனக்கு நடந்தது இதுதான். நெட் கம்பெனிகிட்ட எல்லாருக்கும் குடுக்க முகவரி பத்தலங்கறதால உங்க ரவுட்டருக்கு மேல அவங்க இடத்துல இன்னொரு பெரிய நாட் வச்சு, நிறைய வீட்ட ஒரே பப்ளிக் ஐபிக்கு பின்னாடி உக்கார வச்சிருக்காங்க. இதுக்குன்னே 2012ல அந்த வரிசைய தனியா ஒதுக்கினாங்க, சுமார் 42 லட்சம் முகவரி. 100னு ஆரம்பிக்கறது எல்லாமே சிஜிநாட் இல்ல, 100.20 மாதிரி வந்தா அது சாதா பப்ளிக் முகவரி, ரெண்டாவது எண்ண பாத்துட்டு முடிவு பண்ணுங்க.

ரெண்டாவது நம்பர் 192.168லயோ, 10லயோ, 172.16 முதல் 172.31 வரைக்கும் ஏதாவது ஒண்ணுலயோ ஆரம்பிச்சா ரெண்டு சாத்தியம். உங்க ரவுட்டருக்கு முன்னாடி நெட் கம்பெனி வச்ச இன்னொரு பெட்டி இருந்து அதுவும் ரவுட்டர் வேலை பாக்குது, இதுக்கு டபுள் நாட்னு பேரு, ஃபைபர் பெட்டியோட வைஃபை சரியில்லனு தனியா ஒரு ரவுட்டர் வாங்கி அதுக்கு பின்னாடி சொருகின வீட்டுல எல்லாம் இது சகஜம். இல்லேன்னா கம்பெனியே சிஜிநாட்டுக்கு 10 வரிசைய பயன்படுத்துது. எதுனு கண்டுபிடிக்க சிம்பிளா ஒரு வழி, சுவத்துல இருந்து வர்ற ஒயர பிடிச்சுக்கிட்டே போயி எத்தன பெட்டி இருக்குனு எண்ணுங்க. ரெண்டு இருந்தா முதல் பெட்டிக்குள்ள லாகின் பண்ணி அதோட வான் ஐபிய பாத்து அத உங்க ரெண்டாவது நம்பரா வச்சுக்கிட்டு மறுபடி ஒப்பிடுங்க.

கடைசியா, ரெண்டாவது நம்பர் பாக்க பப்ளிக் மாதிரியே இருக்கு ஆனா மூணாவதோட ஒத்துப் போகல. முதல்ல விபிஎன் எங்கயாவது ஆன்ல இருக்கானு பாருங்க, ரவுட்டர்லயே விபிஎன் போட்டிருப்பாங்க சில பேர். அதுவும் இல்லேன்னா கம்பெனி பக்கம்தான் ஏதோ நாட் நடக்குது, அவங்ககிட்டதான் கேக்கணும்.

ரவுட்டருக்குள்ள என்ன நடக்குது, ஒரே ஒரு க்ளிக்க வச்சு

இத ஒருக்கா கிட்ட நின்னு பாத்துட்டா மீதி எல்லாம் தானா விளங்கும். உங்க லேப்டாப் 192.168.1.23, ரவுட்டரோட பப்ளிக் ஐபி 203.0.113.45, நீங்க திறக்கற சைட் 198.51.100.10னு வச்சுக்கோங்க, கடைசி ரெண்டும் உதாரணம் காட்டறதுக்குன்னே ஒதுக்கி வச்ச எண்கள், யாரோடதும் இல்ல.

நீங்க க்ளிக் பண்ணதும் லேப்டாப் ஒரு பாக்கெட், அதாவது டேட்டாவோட ஒரு சின்ன பொட்டலம், அனுப்புது. அதுல முகவரியோட போர்ட்டும் இருக்கும், அது ஒரே முகவரிக்குள்ள எந்த வேலைக்குனு பிரிக்கற கதவு எண் மாதிரி. அனுப்பறவர் 192.168.1.23, போர்ட் 51514. பெறுபவர் 198.51.100.10, போர்ட் 443. இது ரவுட்டருக்கு வருது, ரவுட்டர் யோசிக்குது, இத இப்படியே வெளில விட்டா பதில் எப்படி வரும், 192.168.1.23னு வெளில யாருக்கும் தெரியாதே. அதனால அனுப்பறவர் இடத்துல தன்னோட 203.0.113.45ஐ எழுதி போர்ட்டையும் 40211னு மாத்தி அனுப்பிடுது. அனுப்பிட்டு தன்னோட டேபிள்ல ஒரு வரி போட்டு வச்சுக்குது: 40211க்கு பதில் வந்தா அது 192.168.1.23ஓட 51514க்கு. சைட்ல இருந்து பதில் 203.0.113.45, போர்ட் 40211னு வந்ததும் டேபிள பாக்குது, வரி இருக்கு, முகவரிய திருப்பி மாத்தி லேப்டாப்புக்கு குடுத்துடுது. அதே சைட்ட அதே நேரம் உங்க தம்பி அவரோட போன்ல திறந்தாலும் அவருக்கு வேற போர்ட், வேற வரி, அதனால அவர் பக்கம் உங்களுக்கு வராது. போர்ட் எண்ணு 65,535 வரைக்கும் இருக்கறதால ஒரே பப்ளிக் ஐபிக்கு பின்னாடி ஒரு வீடே தாராளமா ஓடும்.

இப்ப வெளில இருந்து யாரோ அவங்களா 203.0.113.45, போர்ட் 8000க்கு ஒரு பாக்கெட் அனுப்பறாங்கனு வைங்க. ரவுட்டர் டேபிள பாக்குது, அப்படி ஒரு வரியே இல்ல, உள்ள இருக்கற பத்து டிவைஸ்ல யாருக்குனு தெரியாது, தூக்கிப் போட்டுடுது. என் கேமராவுக்கு வெளில இருந்து வர முடியாம போனதுக்கு அடிப்படை இதுதான். போர்ட் ஃபார்வர்டிங்னு சொல்றது வேற ஒண்ணும் இல்ல, அந்த டேபிள்ல நாமளே கையால ஒரு நிரந்தர வரி எழுதி வைக்கறது. சிஜிநாட்ல ஏன் அது பலிக்கறதில்லன்னா அங்க ரெண்டு டேபிள் இருக்கு, உங்க வீட்டு டேபிள்ல நீங்க எழுதலாம், கம்பெனியோட டேபிள்ல உங்களால எழுத முடியாது, பாக்கெட் அங்கயே நின்னுடுது.

லோக்கல் ஐபி மாறிக்கிட்டே இருந்தா

நேத்து வரைக்கும் வேலை செஞ்ச பிரிண்டர் இன்னிக்கு ஆஃப்லைன்னு காட்டுதுன்னா பெரும்பாலும் அதோட லோக்கல் ஐபி மாறியிருக்கும். ரவுட்டர் டிஹெச்சிபிங்கற முறைல ஒவ்வொரு டிவைஸுக்கும் முகவரிய கொஞ்ச நேரத்துக்கு வாடகைக்கு குடுக்குது, கெடு முடிஞ்சா பெரும்பாலும் அதே நம்பர்தான் திரும்ப வரும், ஆனா கரண்ட் போயி வந்த பிறகு மாறவும் செய்யும். இதுக்கு ரவுட்டர் செட்டிங்ஸ்ல டிஹெச்சிபி ரிசர்வேஷன் இல்ல அட்ரஸ் ரிசர்வேஷன்னு இருக்கும், அங்க அந்த டிவைஸோட மேக் அட்ரஸையும் (MAC, டிவைஸோட நெட்வொர்க் அடையாள எண், ஆப்பிள் மேக் இல்ல) நீங்க விரும்பற நம்பரையும் சேத்து போட்டுட்டா எப்பவும் அதே நம்பர்தான் கிடைக்கும்.

டிவைஸ்லயே ஸ்டாட்டிக்னு கையால போடறத விட நான் இதைத்தான் சொல்வேன், ஏன்னா கையால போட்டா ரவுட்டருக்கு அது தெரியாது, அதே நம்பர வேற போனுக்கு தூக்கி குடுத்துடும், ரெண்டும் மோதி ரெண்டுமே விட்டு விட்டு வேலை செய்யும். இதுல போனுக்கு மட்டும் ஒரு கவனம் வேணும், ஆண்ட்ராய்டு 10ல இருந்தும் ஐஓஎஸ் 14ல இருந்தும் போன் நிஜமான மேக் அட்ரஸ காட்டாம ஒவ்வொரு வைஃபைக்கும் ஒரு போலி மேக் காட்டும், அதனால ரிசர்வேஷன் போடறதுக்கு முன்னாடி அந்த வைஃபைக்கு போன் எந்த மேக்க காட்டுதோ அத பாத்து போடுங்க.

நெட் கம்பெனிகிட்ட காசு குடுத்து வாங்கற ஸ்டாட்டிக் ஐபி இதுவே இல்ல, அது பப்ளிக் பக்கம் மாறாம இருக்கறது. ஒண்ணு வாங்கிட்டா இன்னொண்ணும் சரியாயிடும்னு நினைச்சுடாதீங்க.

வெளில இருந்து உள்ள வர வழி போடறது

ரெண்டாவது நம்பரும் மூணாவது நம்பரும் ஒண்ணா இருந்தா மட்டும் இந்த பகுதிய செய்யுங்க, இல்லேன்னா அடுத்ததுக்கு போயிடுங்க.

1. கேமராவுக்கோ கம்ப்யூட்டருக்கோ மேல சொன்ன மாதிரி ரிசர்வேஷன் போட்டு லோக்கல் ஐபிய நிலையா வைங்க, உதாரணமா 192.168.1.50. இத செய்யாம விட்டா இன்னிக்கு வேலை செய்யும், ஒரு வாரம் கழிச்சு நின்னுடும்.
2. ரவுட்டர்ல போர்ட் ஃபார்வர்டிங் இல்ல விர்ச்சுவல் சர்வர்ங்கற பக்கத்துல வெளி போர்ட், உள் ஐபி, உள் போர்ட், டிசிபியா யுடிபியாங்கறத (டேட்டா அனுப்பற ரெண்டு முறை) போட்டு சேவ் பண்ணுங்க. எந்த போர்ட்னு டிவைஸோட செட்டிங்ஸ்ல இருக்கும்.
3. போன்ல வைஃபைய ஆஃப் பண்ணிட்டு மொபைல் டேட்டால இருந்து உங்க பப்ளிக் ஐபிய போட்டு சோதிங்க. வீட்டு வைஃபைல இருந்துக்கிட்டே பப்ளிக் ஐபிய போட்டு பாக்காதீங்க, பல ரவுட்டருக்கு உள்ள இருந்து கிளம்பி தன் வாசலுக்கே திரும்பி வர்றத கையாள தெரியாது, எல்லாம் சரியா இருந்தும் வேலை செய்யலனு காட்டும்.
4. பப்ளிக் ஐபி அப்பப்ப மாறும்னா டைனமிக் டிஎன்எஸ் வசதிய ரவுட்டர்ல ஆன் பண்ணுங்க, நம்பர் மாறினாலும் ஒரே பேர்ல கூப்பிடலாம்.

இப்ப நான் சொல்றத தயவு செஞ்சு அலட்சியமா எடுத்துக்காதீங்க. வெளில ஒரு போர்ட் திறந்தா அத நீங்க மட்டும் பாக்கப் போறதில்ல, இன்டர்நெட்ல இருக்கற ஐபிவி4 முகவரி எல்லாத்தையும் வரிசையா தட்டிப் பாக்கற ப்ரோக்ராம்கள் ராப்பகலா ஓடிக்கிட்டுதான் இருக்கு, உங்க கதவும் தட்டப்படும். பழைய பாஸ்வேர்டோட ஒரு கேமராவ வெளில விடறது வீட்டு ஜன்னல திறந்து வச்சுட்டு தூங்கற மாதிரி. ரவுட்டரோட லாகின் பக்கத்தையும் விண்டோஸ் ரிமோட் டெஸ்க்டாப்போட 3389 போர்ட்டையும் எந்த காரணத்துக்காகவும் நேரா வெளில விடாதீங்க. டிஎம்இசட்னு ஒரு ஆப்ஷன் இருக்கும், அது ஒரு டிவைஸோட எல்லா போர்ட்டையும் திறந்து விட்டுடும், அவசரத்துக்கு கூட அத தொடாதீங்க. யுபிஎன்பி ஆன்ல இருந்தா டிவைஸ் எல்லாம் உங்கள கேக்காமயே போர்ட் திறந்துக்கும், கேம் கன்சோல் மாதிரி நிஜமா தேவைப்பட்டா மட்டும் வைங்க. என் முடிவ கேட்டா, ஒரே ஒரு போர்ட்ட மட்டும் திறந்து அதுல வயர்கார்ட்ங்கற விபிஎன் வச்சுக்கறதுதான் நல்லது, வெளில இருந்து முதல்ல விபிஎன்ல சேந்துட்டு அப்புறம் கேமராவ அதோட லோக்கல் ஐபிலயே பாக்கலாம், கேமராவோட போர்ட் வெளியுலகத்துக்கு தெரியவே தெரியாது.

சிஜிநாட்ல மாட்டியிருந்தா

முதல் வேலை கஸ்டமர் கேருக்கு போன் பண்றது, ஆனா கேக்கற விதத்துல இருக்கு விஷயம். போர்ட் ஃபார்வர்டிங் வேலை செய்யலனு சொன்னா ரவுட்டர ரீஸ்டார்ட் பண்ணுங்கனு சொல்வாங்க, எனக்கு மூணு தடவ அதைத்தான் சொன்னாங்க. அதுக்கு பதிலா என் வான் ஐபி 100.72ல ஆரம்பிக்குது, வெளில வேற ஐபி காட்டுது, நான் சிஜிநாட்ல இருக்கேன், எனக்கு பப்ளிக் ஐபி வேணும்னு நேரா கேட்டேன், உடனே டெக்னிக்கல் ஆளுக்கு மாத்தி விட்டாங்க, மறுநாள் மாறிடுச்சு. சில கம்பெனி கேட்டதும் குடுத்துடும், சில இடத்துல தனி கட்டணம், சில இடத்துல கிடையவே கிடையாது. மாத்திட்டோம்னு சொன்னதும் ரவுட்டர ரீஸ்டார்ட் பண்ணி ரெண்டாவது மூணாவது நம்பர மறுபடி எழுதி ஒப்பிட்டு பாருங்க, வாய் வார்த்தைய நம்பி உக்காந்திராதீங்க.

கிடைக்கலன்னா இன்னொரு வழி, வீட்டுல இருக்கற ஒரு டிவைஸே வெளில கனெக்ட் பண்ணி வழிய திறந்து வைக்கறது. டெயில்ஸ்கேல் மாதிரி மெஷ் விபிஎன் (உங்க டிவைஸ் எல்லாத்தையும் ஒண்ணோட ஒண்ணு இணைக்கற விபிஎன்) எல்லாம் இப்படித்தான் வேலை செய்யுது, உள்ள இருந்து வெளில போற கனெக்ஷன நாட் முறை தடுக்கறதில்லல்ல, அந்த வழியிலயே திரும்ப வர்றாங்க. டபுள் நாட்டா இருந்தா இவ்ளோ சிரமம் வேணாம், முதல் பெட்டிய ப்ரிட்ஜ் மோடுக்கு (ரவுட்டர் வேலைய விட்டுட்டு நெட்ட மட்டும் கடத்தி விடறது) மாத்த சொல்லுங்க, இல்லேன்னா உங்க ரவுட்டர அக்சஸ் பாயிண்ட் மோடுக்கு (வைஃபை மட்டும் குடுக்கறது) மாத்துங்க, ரெண்டுல ஒண்ணு மட்டும் ரவுட்டர் வேலை பாத்தா போதும்.

சிஜிநாட்டால வேற ஒரு தொல்லையும் உண்டு. உங்களோட அதே பப்ளிக் ஐபிய பங்கு போடற யாரோ ஒருத்தர் ஒரு சைட்ல ஏதாவது தப்பு பண்ணி அந்த ஐபிய ப்ளாக் பண்ணிட்டாங்கன்னா உங்களுக்கும் கதவு மூடிடும், இல்லேன்னா நான் ரோபோ இல்லனு படத்துல ட்ராஃபிக் லைட்ட தேடிக்கிட்டே இருக்கணும். அதுல உங்க தப்பு எதுவும் இல்லனு தெரிஞ்சா கொஞ்சம் நிம்மதியாவது கிடைக்கும்.

என் ஐபி தெரிஞ்சா என்ன ஆகும்

உன் ஐபி என்கிட்ட இருக்கு, வீட்டுக்கு வந்துடுவேன்னு யாராவது கேம் சாட்ல பயமுறுத்தி, சின்னப் பசங்க ராத்திரி தூங்காம இருந்தத கேட்டிருக்கேன், அதனால தெளிவா சொல்லணும். லோக்கல் ஐபி தெரிஞ்சா ஒண்ணுமே ஆகாது, ஸ்க்ரீன்ஷாட்ல 192.168.1.23னு இருந்தா மறைக்க வேண்டிய அவசியமே இல்ல. பப்ளிக் ஐபிய வச்சு ஒரு சாதாரண ஆள் தெரிஞ்சுக்க முடியறது நெட் கம்பெனி எது, தோராயமா எந்த நாடு, எந்த நகரம்ங்கற அளவுக்குத்தான், அதுவும் பல நேரம் தப்பா இருக்கும். இந்த ஐபி இந்த நேரத்துல எந்த வீட்டுல இருந்துச்சுங்கற விவரம் கம்பெனிகிட்ட இருக்கும், சட்டப்படி கேக்கற அதிகாரிங்களுக்குத்தான் அத குடுப்பாங்க. பப்ளிக் ஐபி தெரிஞ்சவர் செய்யக் கூடிய கெடுதல், குப்பை ட்ராஃபிக்க அனுப்பி உங்க நெட்ட கொஞ்ச நேரம் முடக்கறதும், திறந்த போர்ட் இருக்கானு தட்டிப் பாக்கறதும். அதனால பப்ளிக் ஐபிய தேவையில்லாம எங்கயும் ஒட்டாதீங்க, தெரிஞ்சு போச்சுன்னா பதறவும் வேணாம், பல கனெக்ஷன்ல ரவுட்டர கொஞ்ச நேரம் ஆஃப் பண்ணி ஆன் பண்ணாலே புது நம்பர் வந்துடும்.

அந்த நீளமான நம்பர்: ஐபிவி6

இதுல முகவரி 128 பிட், தட்டுப்பாடுங்கற பேச்சுக்கே இடமில்ல, அதனால வீட்டுல இருக்கற ஒவ்வொரு டிவைஸுக்கும் சொந்தமா பப்ளிக் முகவரி கிடைக்குது, நாட் தேவையில்ல. 2லயோ 3லயோ ஆரம்பிச்சா அது இன்டர்நெட் முழுக்க செல்லற முகவரி. எஃப்இ80னு ஆரம்பிச்சா அந்த ஒரு நெட்வொர்க்குக்குள்ள மட்டும், ரவுட்டரத் தாண்டாது. எஃப்டினு ஆரம்பிச்சா அது 192.168க்கு அண்ணன் தம்பி மாதிரி, வீட்டுக்குள்ள மட்டும். ஒரே டிவைஸுக்கு மூணு வகையும் சேந்தே இருக்கலாம், தனியுரிமைக்காக அப்பப்ப மாத்திக்கற தற்காலிக முகவரியும் இருக்கும், அதனால ஐபிகான்ஃபிக்ல நாலஞ்சு வரி வந்தா ஏதோ தப்புனு நினைக்காதீங்க.

சிஜிநாட்ல இருக்கறவங்களுக்கு இதுலதான் நல்ல சேதி, ஐபிவி4 பக்கம் அடைச்சிருந்தாலும் ஐபிவி6 பக்கம் திறந்திருக்க வாய்ப்பு உண்டு. அதே காரணத்தால கவனமும் வேணும், நாட் இல்லாததால இங்க தெரியாதவங்கள வாசல்ல நிறுத்தறது ரவுட்டரோட ஐபிவி6 ஃபயர்வால் மட்டும்தான். ரவுட்டர் செட்டிங்ஸ்ல அது ஆன்ல இருக்கானு போயி பாருங்க, வேலை செய்யலனு எரிச்சல்ல அத மொத்தமா ஆஃப் பண்ணிடாதீங்க, எந்த டிவைஸுக்கு வழி வேணுமோ அதோட முகவரிக்கு, அந்த ஒரு போர்ட்டுக்கு மட்டும் அனுமதி போடுங்க. போட்டுட்டு மொபைல் டேட்டால இருந்து சோதிச்சு பாருங்க, உங்க மொபைல் கம்பெனியும் ஐபிவி6 குடுத்தாத்தான் அது வரும்.